அனஸ்தீசியா பயிற்சியோடு ஆராய்ச்சியும்: முதல் வருடத்திலேயே ஏசிஎஃப் எடுக்கலாமா?

பொருநை

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் எம்பிபிஎஸ் முடித்து இங்கிலாந்து வந்தவன். இப்போது ஒரு மருத்துவமனையில் ஐசியு வேலை. அனஸ்தீசியாவில் சிடி1, அதாவது முதல் வருடப் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கூடவே இங்கிலாந்தின் அரசு ஆராய்ச்சி நிதி அமைப்பான என்ஐஎச்ஆர் நிதியில் நடக்கும் ஏசிஎஃப், அதாவது அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோஷிப்புக்கும் நேர்காணல் வந்திருக்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏசிஎஃப்பில் முக்கால் பங்கு நேரம் மற்ற பயிற்சி மருத்துவர்களைப் போலத்தான்: ஆபரேஷன் தியேட்டர், ஐசியு, ஆன்-கால். மீதிக் கால் பங்கு ஆராய்ச்சிக்கு. மூன்று வருடத்துக்குக் கூட்டினால் ஒன்பது மாதம் வரும். அதற்குள் பிஎச்டிக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கும் அளவுக்கு ஒருவரைத் தயார் செய்வதுதான் நோக்கம்.

கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிடி1-லேயே இதில் இறங்கலாமா, இல்லை முதலில் கை பழகட்டும் என்று விட்டுவிடவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

தம்பி, என்னைக் கேட்டால் இப்போது வேண்டாம். நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் கன்சல்டன்ட். சிடி1 ஆட்களை ஆகஸ்ட் மாதம் முதல் நாளிலிருந்து கூட நின்று பார்ப்பவன்.

ஆரம்பத்தில் ஒரு கேஸ்கூட உங்களைத் தனியாகச் செய்ய விடமாட்டார்கள். ஐஏசி என்கிற ஆரம்பத் தகுதி மதிப்பீடு முடிந்த பிறகுதான் ஆன்-கால் ரோட்டாவில், அதாவது பணி அட்டவணையில், உங்கள் பெயர் வரும். அப்புறம் பிரசவ வார்டு. அங்கே இன்னொரு மதிப்பீடு. பிரசவ வலி குறைய முதுகில் எபிடியூரல் போடும்போது சிரிஞ்சில் உப்புநீரை அழுத்தியபடியே ஊசியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே நகர்த்துவோம். லிகமென்டைத் தாண்டும் நொடியில் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த எதிர்ப்பு சட்டென்று விலகும். இன்னும் ஒரு நூல் போனால் டியூரா என்கிற தண்டுவட உறை கிழியும். அந்தத் தாய்க்கு மறுநாளிலிருந்து தலை தூக்க முடியாத தலைவலி. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. வாரம் தவறாமல், அலுக்க அலுக்கச் செய்துதான் வரும்.

பயிற்சியின் முதல் கட்டமான ஸ்டேஜ் 1 மொத்தமே மூன்று வருடம். அதில் ஒன்பது மாதத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இரண்டேகால் வருடம். அதற்குள் மயக்கவியல் கல்லூரியின் பிரைமரி எஃப்ஆர்சிஏ தேர்வை எழுத வேண்டும்: எம்சிக்யூ, பிறகு ஓஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு, எஸ்ஓஇ என்கிற வாய்மொழித் தேர்வு. அது இல்லாமல் எஸ்டி4, அதாவது நான்காம் வருடப் பயிற்சிக்குள் நுழைய முடியாது. ஒரே நேரத்தில் இத்தனையையும் இளம் மருத்துவர் தலையில் ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நோயாளியின் மூச்சு நம் கையில் இருக்கிறது.

காவிரிச்செல்வி

வைகைக்கரை சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் மறுக்கிறேன். சிடி1-லேயே ஏசிஎஃப்பில் சேர்ந்தவள் நான். இப்போது ஓஓபிஆர் எடுத்து, அதாவது ஆராய்ச்சிக்காகப் பயிற்சியிலிருந்து தற்காலிகமாக விலகி, பிஎச்டி செய்கிறேன்.

ஒன்பது மாதம் கழிந்துபோவதாகச் சொல்கிறீர்கள். 2021-ல் வந்த பாடத்திட்டம் திறனைத்தான் கேட்கிறது. கால் பங்கு குறைந்தாலும் ஏஆர்சிபி என்கிற வருடாந்திர மதிப்பீட்டில் மற்றவர்கள் காட்டும் அதே திறனை நாமும் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் பயிற்சி நீளும், யாரும் கண்ணை மூடிக்கொண்டு மேலே அனுப்புவதில்லை. ஆக, கை பழகாத ஒருவர் ஏசிஎஃப் வழியாகத் தப்பி வந்துவிடுவார் என்ற பயம் வேண்டாம்.

பெரிய விஷயம் வேறு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பீட்டா பிளாக்கர் கொடுத்தால் இதயம் காப்பாற்றப்படும் என்று 1990-களில் வந்த சிறிய ஆய்வுகள் சொல்லின. உலகம் முழுக்க நம்பினார்கள். 2008-ல் பாய்ஸ் ஆய்வு 8,351 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மெட்டோபுரோலால் என்கிற பீட்டா பிளாக்கரும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின. அதுவரை நம்பிக் கொடுத்தவர்கள் எல்லோரும் கை தேர்ந்தவர்கள்தான். கைத்திறன் அந்த நோயாளிகளைக் காப்பாற்றவில்லை. நாம் தினமும் செய்கிற எதையாவது "இது உண்மையிலேயே உதவுகிறதா?" என்று கேட்கிற பழக்கம் இளமையிலேயே வர வேண்டும். பதினைந்து வருடம் ஒரே மாதிரி செய்து பழகிய பிறகு அந்தக் கேள்வி மனதில் எழுவதே கடினம்.

வைகைக்கரை

கேள்வி கேட்கும் பழக்கம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை அம்மா. அதற்கு ஃபெலோஷிப் வேண்டும் என்பதில்தான் சண்டை.

ஜான் கார்லைலை எடுத்துக்கொள்ளுங்கள். டார்பே மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் கன்சல்டன்ட். ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் யோஷிடாகா ஃபுஜி வெளியிட்ட 168 ஆய்வுகளின் எண்களை எடுத்து, இப்படி ஒரு பரவல் தற்செயலாக வர வாய்ப்பே இல்லை என்று 2012-ல் 'அனஸ்தீசியா' இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜப்பானிய மயக்கவியல் சங்கம் விசாரித்து, ஃபுஜியின் 212 கட்டுரைகளில் 172 பொய்த் தரவு என்று அறிவித்தது. மருத்துவ உலகின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று. அதை எண்களால் அம்பலப்படுத்தியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல.

அடுத்தது நாப் ஆய்வுகள், அதாவது மயக்கவியல் கல்லூரியின் தேசியத் தணிக்கை ஆய்வுகள். நாப்5 2014-ல் வந்தது. ஜெனரல் அனஸ்தீசியாவின்போது எதிர்பாராமல் விழிப்பு வந்துவிட்டதாக நோயாளிகள் சொன்ன சம்பவங்களை பிரிட்டன், அயர்லாந்து முழுவதும் திரட்டினார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர். சிசேரியனுக்கு ஜெனரல் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 670-ல் ஒருவர். அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததிலிருந்து, பிரசவ தியேட்டரில் இன்டக்‌ஷன் டோஸை, மயக்கத்தைத் தொடங்கும் மருந்தை, சிரிஞ்சில் இழுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு சாதாரண மயக்கவியல் மருத்துவர் ஒருங்கிணைப்பாளராக இருந்து தகவல் அனுப்பியதால்தான் அது கிடைத்தது.

பயிற்சி மருத்துவர்களுக்கென்றே ராஃப்ட் கூட்டமைப்பு இருக்கிறது. சிடி1-ல் சேருங்கள், அதில் ஒரு ஆய்வுக்கு உங்கள் மருத்துவமனையில் தரவு திரட்டுங்கள். கையும் பழகும், ஆராய்ச்சியும் பழகும்.

காவிரிச்செல்வி

சார், கார்லைல் செய்தது மகத்தான வேலை. ஆனால் அவர் நிரந்தரப் பதவியில் இருந்த கன்சல்டன்ட். பொருநை எங்கே நிற்கிறார்? வேலை விசா, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் வேறு ஊருக்கு மாற்றல், இரவுப் பணி, பரீட்சைக் கட்டணம், ஊரில் அப்பா அம்மா. அவர் எந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்வார்? நைட் முடித்துத் தூங்க வேண்டிய பகலில்தான்.

"ஆர்வம் இருந்தால் சொந்த நேரத்தில் செய்யட்டும்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்குச் சொந்த நேரம் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு வேலை தலையில் விழாதவர்களுக்கு, பணக் கவலை இல்லாதவர்களுக்கு. கைக்குழந்தையோடு பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு இல்லை. ஏசிஎஃப் தருவது அந்த நேரத்தைத்தான். சம்பளத்தோடு, அட்டவணையில் எழுதப்பட்ட நேரம். இதை விட்டுவிட்டு இலவசமாகச் செய் என்று வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்வது நியாயமே இல்லை.

ராஃப்ட் நல்லது, நானும் அதில் இருந்தேன். ஆனால் வேறொருவர் எழுதிய ஆய்வுக்குப் படிவம் நிரப்புவதும், நம் கேள்வியை நாமே வடிவமைத்து, எதிக்ஸ் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வதும் ஒன்றாகாது.

குடந்தை

நான் தமிழ்நாட்டில் எம்டி அனஸ்தீசியா முடித்தவன், ஒரு விஷயம் சேர்க்கிறேன். இங்கே மூன்று வருடப் படிப்பில் எல்லோருக்கும் தீசிஸ் கட்டாயம். சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தையும் தேசிய மருத்துவ ஆணையமான என்எம்சி கட்டாயமாக்கிவிட்டது. பாடம் நல்ல பாடம். ஆனால் ஆராய்ச்சிக்கென்று ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. இருபத்துநான்கு மணி நேர ட்யூட்டி முடித்துவிட்டு, கண் எரிய எரிய எக்ஸெல்லில் எண்களை ஏற்றுவோம். ஸ்பைனல் ஊசியில் புபிவக்கைன் என்கிற மரப்பு மருந்தோடு அதைச் சேர்த்தால் என்ன, இதைச் சேர்த்தால் என்ன என்று ஒரே கேள்வி வருடா வருடம் திரும்ப வரும், அது முடிக்கக்கூடிய கேள்வி என்பதால். நோயாளி சம்மதம் தந்து, கூடுதலாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கடைசியில் அந்தத் தீசிஸ் அலமாரியில் தூங்குகிறது. அந்த நோயாளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

நேரம் தராமல் ஆராய்ச்சி கேட்டால் இதுதான் நடக்கும். வைகைக்கரை சார் சொல்லும் வழியில் போனால் அங்கேயும் இதே நிலை வரும். விரும்புகிறவர்களுக்கு மட்டும், நேரத்தோடு என்கிற ஏற்பாடு எங்களுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வடமராட்சி

நான் கொழும்பில் எம்டி செய்து, போர்ட் சான்றிதழுக்கு முந்திய வெளிநாட்டுப் பயிற்சிக்காக இங்கே வந்திருக்கிறேன். வைகைக்கரை ஐயா சொல்வதில் ஒரு பங்கு எனக்குச் சரியாகப் படுகிறது. நாங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நெடுநேரம் நின்று பழகின ஆக்கள். இங்குள்ள முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் கிடைக்கிற கேஸ் குறைவு. அதிலும் கால் பங்கைக் குறைத்தால் கஷ்டம்தான். ஆனால் இங்கே வேலை செய்துகொண்டே ஆராய்ச்சி செய்கிறவர்களைப் பார்க்க எனக்கு ஏக்கமாகவும் கிடக்கு. திரும்பிப் போனால் எங்கட வைத்தியசாலையில் அப்படி ஒரு நேரம் கிடைக்காது.

வைகைக்கரை

குடந்தை சொன்னதை மறுக்க மாட்டேன். நேரம் தர வேண்டும், சரி. ஆனால் தாளில் தருகிற நேரம் வேறு, கையில் கிடைக்கிற நேரம் வேறு. இதை ரோட்டா போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வாரத்துக்கு ஒன்றேகால் நாள் ஆராய்ச்சி என்று எழுதியிருக்கும். முந்தைய இரவு ஆன்-கால் என்றால் அந்த நாள் ஓய்வில் போகும். விடுமுறை எடுத்தால் பெரும்பாலும் அதே நாள் அடிபடும். யாராவது உடம்பு சரியில்லை என்று போன் செய்தால், "நீ இன்று தியேட்டரில் இல்லைதானே?" என்று முதலில் கூப்பிடுவது ஏசிஎஃப் ஆளைத்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இப்படியே ஒரு பெண்ணின் ஆராய்ச்சி நாட்கள் கரைந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன். இன்னொரு பக்கம் அவளுக்கு ஒரே அறுவை சிகிச்சை லிஸ்ட்டில் தொடர்ச்சியும் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை குழந்தைகள் லிஸ்ட்டில் தொடர்ந்து நின்றால்தான் சர்ஜன், ஓடிபி என்கிற தியேட்டர் உதவியாளர், செவிலியர் எல்லோரும் நம்பி அடுத்த கேஸைக் கையில் கொடுப்பார்கள். அவள் அங்கேயும் பாதி, இங்கேயும் பாதி.

ஏசிஎஃப் எஸ்டி4-லும் இருக்கிறது. பிரைமரி முடித்து, தனியாக ஒரு இரவைச் சமாளிக்கத் தெரிந்த பிறகு எடுங்கள். அப்போது வரும் கேள்வியும் தியேட்டரிலிருந்தே வரும்.

காவிரிச்செல்வி

ரோட்டா பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம் சார். அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் என்கிற ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பொருநை, நேர்காணலில் முதலில் இதைக் கேளுங்கள்: நேரம் சேர்ந்தாற்போல வருமா, சிதறி வருமா? வருடத்துக்கு மூன்று மாதம் ஒரே பிளாக்காகத் தந்தால் அந்த மூன்று மாதமும் ரோட்டாவில் உங்கள் பெயருக்கு நேராக வேறு எதுவும் இருக்காது.

பிளாக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எதிக்ஸ் அனுமதிக்கு ஐஆர்ஏஎஸ் படிவம் நிரப்பி அனுப்பினால் பதில் வர நாளாகும். பிளாக்கின் நடுவே அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் உங்கள் நேரம் வீணாகும். முதல் பிளாக்கில் கேள்வியைத் தீர்மானித்து, ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படித்து, புள்ளியியலாளரோடு உட்கார்ந்து எத்தனை நோயாளிகள் தேவை என்று கணக்கிட்டு, பிளாக் முடியும் வாரத்தில் விண்ணப்பத்தை அனுப்புங்கள். அவர்கள் யோசிக்கும் மாதங்களில் நீங்கள் தியேட்டரில் இருக்கலாம். முதல் பிளாக்கை ஐஏசி முடியும் முன் வைக்கவே கூடாது, இதில் நானும் வைகைக்கரை சாரும் ஒரே கட்சி.

எஸ்டி4 வரை பொறுக்கச் சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன். எஸ்டி4, 5-ல் ஃபைனல் எஃப்ஆர்சிஏ காத்திருக்கிறது. பலருக்குக் குழந்தை பிறக்கும் வயதும் அதுதான். "அப்புறம் செய்யலாம்" என்று தள்ளிப்போட்ட என் தோழிகள் பலர் பிறகு செய்யவே இல்லை. திறமை குறைந்தவர்கள் அல்ல, வாசல் மூடிவிட்டது.

வைகைக்கரை

பிளாக் என்றால் எனக்கு எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. மூன்று மாதம், மூச்சுக்குழாய் பொருத்த உதவும் லாரிங்கோஸ்கோப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, திரும்பி வந்த முதல் வாரமே இரவு ஆன்-காலில், குடல் அடைத்து வயிறு உப்பிய ஒரு முதியவருக்கு ரேபிட் சீக்வென்ஸ் என்கிற அவசர மயக்கம் கொடுக்க நிற்கும் சிடி2-வை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

பொருநை

இரண்டு பேருக்கும், குடந்தை அண்ணனுக்கும், வடமராட்சி அண்ணாவுக்கும் நன்றி. இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஆனால் பிளாக்காகத் தந்தால் மட்டும். நேர்காணலில் மூன்று விஷயம் கேட்பேன்: பிளாக்கா என்பது, முதல் பிளாக் ஐஏசிக்குப் பிறகு வருமா என்பது, பிளாக் நடக்கும்போதும் வாரத்தில் அரை நாள் தியேட்டரில் நிற்க அனுமதி உண்டா என்பது. சிதறிய நாட்கள்தான் என்றால் சாதாரண சிடி1 போதும், எஸ்டி4-ல் திரும்ப முயல்கிறேன்.

வைகைக்கரை

நாலாவதாக இதையும் கேளுங்கள் தம்பி: பிளாக் முடிந்து திரும்பும் முதல் வாரம் இரவுப் பணி இல்லாமல், ஒரு கன்சல்டன்ட் கூட நிற்கும் பகல் லிஸ்ட்டாகப் போட முடியுமா என்று. வாய்மொழியாகச் சரி என்றால் விடாதீர்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ரோட்டா போடுகிறவர் ஆறு மாதத்தில் மாறிவிடுவார்.