மலாக்கா நீரிணை வற்றியபோது கடலோர வண்டுகள் நடந்தா கடந்தன?

தண்ணீர்மலையான்:
பனியுகத்தில் கடல் 120 மீட்டர் இறங்கியது, பினாங்கிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போகலாம், ஆகவே இரு கரைகளிலும் உள்ள வண்டுகள் ஒரே மரபணுக் கூட்டம் என்று கிள்ளான்வாசி நேற்று எழுதியதை என்னால் சகிக்க முடியவில்லை. நடந்தவை யானைகளாக இருக்கலாம். பினாங்கின் தெலுக் பஹாங் ஈரமணலில் சிறிது ஓடி, பார்வை மங்கியதால் நின்று, மறுபடியும் ஓடுகிறதே புலிவண்டு, அது காட்டுக்குள் குடியேறாது. நீர் பின்வாங்கினால் கரையோடு அதுவும் பின்வாங்கும். அவர் பாலம் என்று கொண்டாடும் நிலம் அதற்குச் சுவர். அந்தமான் கடலோரக் கூட்டமும் தென்சீனக் கடலோரக் கூட்டமும் அச்சுவரின் இருபுறமும் தனித்தனியே மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

கிள்ளான்வாசி:
120 மீட்டரை ஐயா மறுக்கிறாரா, இல்லையா? நீரிணையின் தென்பகுதி பெரும்பாலும் 40 மீட்டர் ஆழத்தைக்கூடத் தாண்டாது. சுவராம்!

பாயான்பாரு:
நம் நாட்டில் பனியே உறையாதபோது இந்தப் பேச்சு எதற்கு?

தண்ணீர்மலையான்:
சபாவின் கினாபாலு மலையுச்சியில் பனியாறு பாறையைத் தேய்த்த தடத்தை முதலில் போய்ப் பாருங்கள்.

பாயான்பாரு:
கினாபாலுவில் புலிவண்டு கடற்கரை இருக்கிறதோ? போன மாதம் மின்மினி வண்டினமே இல்லை என்று சாதித்தவர்தானே தாங்கள்.

தண்ணீர்மலையான்:
வண்டினம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோல சிலாங்கூரில் பெரெம்பாங் மரத்தில் மின்னுவதை ஊரில் யாரும் வண்டு என்று அழைப்பதில்லை என்றேன். விஷயத்துக்கு வாருங்கள். நெடுங்காலம் பிரிந்திருந்த கூட்டங்கள் தாய்வழியே வரும் மைட்டோகாண்டிரியா மரபணுவில் இரு பெருங்கிளைகளாக நிற்கும்; கடல் ஏறியபின் சில வண்டுகளிலிருந்து வேகமாகப் பெருகிய கூட்டமோ ஓரிரு மாற்றங்களில் மட்டுமே தமக்குள் வேறுபடும். கிள்ளான்வாசிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கெப்பாலா பத்தாஸ் ஆசிரியை:
ஐயா, நீரிணை நிலமாகியிருந்தபோது அதன் வடமேற்கு விளிம்பு, நம் பக்கத்திலிருந்து சுமத்ராவின் வடமுனையான ஆச்சே வரை வளைந்து சென்ற ஒரே கரையாக இருந்திருக்குமே. புலிவண்டு அக்கரையோரமாகவே சுமத்ராவை அடைந்திருக்கலாம். காரணம் தவறு என்றாலும் கிள்ளான்வாசியின் முடிவு பினாங்கு அளவில் சரியாகலாம். மேலும் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தையும் சில மீட்டர் தாண்டியிருந்தது. பழங்கால மக்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் குவிந்த எங்கள் குவார் கெப்பா சிப்பிமேடு இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. கரை இத்தனை முறை இடம் மாறியபோது, ஒவ்வொரு முறையும் எத்தனை கூட்டங்கள் அழிந்தனவோ?

தண்ணீர்மலையான்:
வளைந்த கரை எனக்கும் தெரியும். நான் பேசியது தென்சீனக் கடல் கூட்டத்தைப் பற்றி.

கிள்ளான்வாசி:
தலைப்பில் மலாக்கா நீரிணை என்று போட்டுவிட்டுத் தென்சீனக் கடலுக்கு ஓடுகிறார். ஆசிரியை என் முடிவு சரி என்கிறார், எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கெப்பாலா பத்தாஸ் ஆசிரியை:
சரியாகலாம் என்றேன், சரி என்று சொல்லவில்லை.

தண்ணீர்மலையான்:
கேட்டீர்களா? புலிவண்டின் புழு மணலில் செங்குத்தாக வளை தோண்டி, தலையாலேயே அதன் வாயை அடைத்துக்கொண்டு இரைக்குக் காத்திருக்கும். அப்படிப்பட்ட மணலை ஒருநாளாவது குனிந்து பார்த்திருந்தால், நடந்து போனது என்று இவர் எழுதியிருக்கமாட்டார்.

கிள்ளான்வாசி:
120 மீட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.