வீட்டுப் படலையிலிருந்து வேலைத்தலம்வரை: சைக்கிள், பஸ், மோட்டார் சைக்கிள் நேர அனுபவங்கள்

ஆரையம்பதியிலிருந்து ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர்:

வேலைக்குப் போய்வர எதில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் வண்டியின் வேகத்தைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிள் மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் ஓடும், பஸ் அதைவிடக் கூடவும் ஓடும், சைக்கிள் பதினைந்தைத் தாண்டுவதே அரிது, ஆகவே சைக்கிளில் வருபவர் கடைசியாகத்தான் வந்து சேருவார் என்பது அவர்களுடைய கணக்கு. ஆரையம்பதிக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையிலுள்ள ஏழெட்டுக் கிலோமீற்றரை இந்த மூன்றிலும் போய்வந்தவன் நான். கணக்கை வீட்டுப் படலையில் தொடங்கி அலுவலக மேசையில் முடித்தால் விடை வேறாக வருகிறது என்பதே என் அனுபவம்.

முதலில் பஸ்ஸைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு ஐந்தாறு நிமிட நடை. கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ் சில நாட்களில் போய் நின்றவுடன் வந்துவிடும். சில நாட்களில் இருபது நிமிடம் நின்றாலும் வராது. வந்ததில் ஏற இடமில்லாமல் அடுத்ததற்குக் காத்திருக்கும் நாளும் உண்டு, ஏனெனில் பாடசாலை ஏழரைக்குத் தொடங்குவதால் அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் மாணவர்களே பஸ்ஸை நிறைத்துவிடுவார்கள். ஏறிய பின்னர் ஓட்டம் மட்டும் இருபது, இருபத்தைந்து நிமிடம். காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கும் பகுதியில் பஸ் ஊர்ந்துதான் போகும். தனியார் பஸ் என்றால் ஆள் சேரும்வரை நிறுத்தியும் வைப்பார்கள். நகரில் இறங்கி அலுவலகத்துக்கு மீண்டும் ஒரு நடை. எல்லாவற்றையும் கூட்டினால், நல்ல நாளில் முப்பத்தைந்து நிமிடம், கெட்ட நாளில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டரைக்குக் கைவிரல் அடையாளம் வைக்க வேண்டியவர் கெட்ட நாளை நினைத்துத்தான் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே நல்ல நாளில் மிச்சமாகும் இருபது நிமிடமும் அலுவலக வாசலில் சும்மா நின்று கழிகிறதேயன்றி வீட்டில் பிள்ளைகளோடு இருப்பதற்கு உதவுவதில்லை.

சைக்கிளில் அதே தூரம் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். வியர்வை காயச் சற்று இருந்து, முகம் கழுவிச் சட்டை மாற்ற இன்னும் ஏழெட்டு நிமிடம். ஆக நாற்பது நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது, நாளுக்கு நாள் பெரிய வித்தியாசமும் இல்லை. இந்த மாறாத தன்மையைத்தான் நான் சைக்கிளின் முதற்பெருமையாகக் கருதுகிறேன். மோட்டார் சைக்கிளில் பதினைந்து, பதினெட்டு நிமிடத்தில் போய்விடலாம் என்பதை மறுக்கவில்லை. தலைக்கவசம், நிறுத்த இடம் என்று பார்த்தாலும் இருபது நிமிடத்துக்குள் அடங்கும். காரில் வரும் எங்கள் அலுவலக அதிகாரி ஒருவர் வீதியில் என்னை எப்போதும் முந்திச் செல்வார். ஆனால் நகரின் நடுப்பகுதியான புளியந்தீவின் ஒடுங்கிய தெருக்களில் காரை எங்கே விடுவதென்று பார்த்து, தூரத்தில் விட்டு நடந்து வரும்போது, பெரும்பாலும் நான் சட்டை மாற்றிக்கொண்டிருப்பேன்.

என்னுடைய பாதையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சைக்கிளின் நேரத்தைத் தீர்மானிப்பது காலின் பலத்தைவிடப் பாதையும் காற்றுமே. காத்தான்குடி நெரிசலை நான் கடற்கரை வீதியால் விலகிப் போகிறேன். கல்லடியில் புதிய கல்முனை வீதியை விட்டுப் பழைய கல்முனை வீதியைப் பிடித்தால் பஸ்களின் ஹோர்ன் சத்தம் இல்லாமல் பாலம்வரை வரலாம். பிறகு பழைய கல்லடிப் பாலம். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் 1928இல் அமைந்த அந்த இரும்புப் பாலம் ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய அகலமுடையது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்படும்வரை, ஒரு கரையிலிருந்து வரும் வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுகரையில் பஸ்ஸும் லொறியும் வரிசையாக நிற்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஓரமாக உழக்கிக்கொண்டு போன சைக்கிள்காரர், நின்ற பஸ்ஸை முந்தி நகருக்குள் போய்விடுவார் என்று என் தகப்பனார் சொல்வார். இன்று பெரிய வாகனங்கள் எல்லாம் புதிய பாலத்தால் போக, பழையது நடப்பவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் மிஞ்சியிருக்கிறது. காலையில் தோணிகள் வாவியில் நிற்பதைப் பார்த்தபடி, பின்னால் வரும் வாகனத்தைப் பற்றிய பயம் சிறிதும் இல்லாமல் கடக்கக்கூடிய ஒரே பகுதி அதுதான்.

ஆனால் காற்று அந்தப் பாலத்தில்தான் தன் முழுப் பலத்தையும் காட்டும். மாரி காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் காலையில் நகரை நோக்கிப் போகும்போது முகத்தில் அடிக்கும். மாலையில் அதுவே முதுகைத் தள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் வீசும்போது நிலைமை மாறி, களைத்துத் திரும்பும் நேரத்தில் உலர்ந்த வெப்பக் காற்று பக்கவாட்டிலும் எதிரிலும் நிற்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், எதிர்க்காற்றில் கூடுதலாக உழக்குவது வீண் உழைப்பு. வேகத்தைக் குறைத்து, ஐந்தாறு நிமிடம் கூடுதலாகும் என்று ஏற்றுக்கொண்டு போவதே சரியான வழி. டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே அளவு நேரம் போகும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலையில், இரு சில்லுக்கும் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சட்டையை மடித்துப் பொலித்தீன் பையில் சுற்றிக் கெரியரில் கட்டத் தயாராக வைப்பேன். மழை பெய்யும் கார்த்திகை, மார்கழியில் பஸ்ஸே எனக்குத் துணை, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

2022ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு நிறைவுபெறாது. ஆனி மாத இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. பிறகு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று விநியோகமே நிறுத்தப்பட்டது. ஆடி மாதத்தில், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்தப் பங்கைப் பெறும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர். நகருக்குப் போய்வர எனக்கு வாரத்தில் இரண்டு லீற்றருக்கும் குறைவாகவே தேவை. ஆனால் கியூஆர் முறை சீராகும்வரை அந்த இரண்டு லீற்றருக்காக எரிபொருள் நிரப்பு நிலையத்தின் வாசலில் இரவு முழுவதும் வண்டியை வைத்துக் காத்திருந்தவர்களின் மணித்தியாலங்களைப் பயண நேரத்தில் சேர்க்காமல் வேறு எதில் சேர்ப்பது? அந்த மாதங்களில் வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன, புதிய சைக்கிளின் விலையோ சாதாரண உத்தியோகத்தர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. பெற்றோல் வந்த பிறகு பலர் பழையபடி மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. காலையில் இருபது நிமிடம் கூடுதலாகப் போகிறது என்பது உண்மை. ஆனால் மாலையில் தனியாக உடற்பயிற்சிக்கென்று நடக்கப் போன நேரம் எனக்கு இப்போது தேவைப்படுவதில்லை.

குருமண்வெளியிலிருந்து, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:

தம்பி எழுதியதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். வாவியைக் கடந்து வேலைக்குப் போனவர்களின் கணக்கையும் இதோடு சேர்க்க விரும்புகிறேன். நான் மண்டூரில் படிப்பித்த காலத்தில் குருமண்வெளித் துறையில், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் தினமும் போய்வந்தேன். பஸ்ஸில் போவதென்றால் பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்ற வேண்டும். பஸ் தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சைக்கிளைப் பாதையில் ஏற்றி நிறுத்திவிட்டால் நேர் அக்கரைதான்.

துறையில் நான் கண்ட ஒரு விடயம் இன்றுவரை என் மனதில் நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் வரும் சக ஆசிரியர் என்னைக் களுவாஞ்சிகுடி வீதியில் கடந்து போவார். துறைக்கு வந்தால் அவரும் பாதை அக்கரையிலிருந்து திரும்பிவரும்வரை என் பக்கத்தில் நிற்பார். இருவரும் ஒரே பாதையில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கி, முதல் மணி அடிப்பதற்கு முன் சில நிமிட இடைவெளியில் பாடசாலைக்குள் நுழைவோம். வழியில் ஓர் இடத்தில் எல்லோரும் நிற்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் பெற்ற வேகத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. மண்முனைத் துறையிலும் இதே நிலைதான் இருந்தது. 2014இல் அங்கே பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு மோட்டார் சைக்கிளின் வேகம் முழுமையாகப் பயன்படத் தொடங்கியது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்களுக்கு, குறிப்பாக நோயாளிகளுக்கு, அந்தப் பாலம் செய்த நன்மை பெரிது. அது வேறு கதை.

இவான் இலிச் என்ற சிந்தனையாளர் 1970களில் அமெரிக்கர்களைக் குறித்து ஒரு கணக்குச் செய்தார். கார் ஓட்டும் நேரம், நிறுத்த இடம் தேடும் நேரம், அதன் தவணைப் பணத்துக்கும் எரிபொருளுக்கும் காப்புறுதிக்கும் வரிக்கும் உழைக்கும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,600 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் அவர் கடக்கும் தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை. எங்கள் பகுதியில் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டு மாதத் தவணைக்காகக் கூடுதல் வேலை தேடும் இளைஞர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இருபது கிலோமீற்றருக்கு அப்பால் வேலை என்றால் சைக்கிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில்தான் போக வேண்டும். ஆனால் தன் கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் இடையில் வேலை செய்பவருக்கு அந்தத் தவணை தேவையா என்பதை அவர் இருந்து யோசிக்க வேண்டும்.

காரைதீவிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர்:

அண்ணாவும் ஆசிரியரும் எழுதியவற்றில் பெண்களின் நிலை இடம்பெறவில்லை என்பதால் எழுதுகிறேன். கல்முனையில் உள்ள வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறேன். காரைதீவிலிருந்து சாய்ந்தமருதைக் கடந்து போகும் நாலைந்து கிலோமீற்றர். காலை ஏழு மணி வேலைக்குச் சைக்கிளில் போனால் இருபது நிமிடம். அந்த நேரத்தில் கடைகள் திறந்திருக்காது, வீதி வெறுமையாக இருக்கும். பஸ்ஸில் போனாலும் நடையையும் காத்திருப்பையும் சேர்த்தால் அதே நேரம்தான், ஆட்டோவில் பத்து நிமிடம், ஆனால் தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்கச் சம்பளம் இடம் தராது.

பகல் ஒரு மணிக்குத் தொடங்கி இரவு ஏழு மணிக்கு முடியும் வேலை நாட்களில் இதே கணக்கு பொருந்தாது. ஏழு மணிக்குச் சாய்ந்தமருது வீதியோரம் முழுவதும் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருக்கும். கதவு திடீரென்று திறக்கும், எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். காலையில் இருபது நிமிடமான அதே தூரம் அப்போது முப்பது நிமிடம் ஆகிறது, அந்த முப்பது நிமிடமும் பயத்தோடு போகிறது. ஆகவே அந்த நாட்களில் சைக்கிளை வீட்டில் விட்டு, போகும்போது பஸ்ஸிலும் வரும்போது தம்பியின் மோட்டார் சைக்கிளிலும் வருகிறேன். இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்குத் திரும்பும்போதும் நான் சைக்கிள் ஓடுவதில்லை, ஏனெனில் நித்திரைக் கண்ணோடு பிரதான வீதியில் ஏறுவது கூடாது என்பதைக் காயப்பட்டு வருபவர்களுக்கு மருந்து கட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீதி விளக்குகள் ஒழுங்காக எரிந்து, ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு முழ அகலமாவது விட்டுவைக்கப்படுமானால், ஏழு மணிக்கு முடியும் வேலை நாட்களிலும் சைக்கிளில் வருவதற்கு என்னோடு வேலை செய்யும் பலர் தயாராக இருக்கிறார்கள். பிரதேச சபைக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாலை ஆறு முதல் எட்டுவரை எந்தச் சந்திகளில் விளக்கு எரிவதில்லை என்பதைக் குறித்து வைத்திருப்பவர்கள், சந்தியின் பெயரோடு இங்கே எழுதினால் அதையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்வோம்.