‘எங்கள் பள்ளி ஒரு குடும்பம்’: அளந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

பட்டதாரி ஆசிரியை, எம்.எட். ஆய்வு முடித்தவர்

ஆய்வேட்டுக்காக நான்கு பள்ளிகளில் நிறுவனப் பண்பாட்டை, அதாவது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன மதிப்புகளையும் நடைமுறைகளையும், அளக்கப் போனேன். கையில் இருந்தது அமெரிக்க மேலாண்மை அறிஞர்கள் கேமரூனும் குவினும் இதற்கென்றே உருவாக்கிய ஓ.சி.ஏ.ஐ. வினாப்படிவம். ஆறே வினாக்கள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு வாக்கியங்கள். நம் பள்ளிக்கு எது எவ்வளவு பொருந்துகிறதோ அந்த அளவுக்கு 100 புள்ளிகளை நான்குக்கும் பிரித்துப் போட வேண்டும். முதலில் ‘இப்போது எப்படி இருக்கிறது’, பிறகு ‘எப்படி இருக்க வேண்டும்’. நான்கு வாக்கியங்களும் நான்கு வகைப் பண்பாட்டுக்கு உரியவை: ஒட்டுறவை முன்வைக்கும் ‘கிளான்’, புதுமையை முன்வைக்கும் ‘அட்ஹாக்ரசி’, போட்டியை முன்வைக்கும் ‘சந்தை’, விதியையும் மேல்கீழ் ஒழுங்கையும் முன்வைக்கும் ‘படிநிலை’.

மூலப் படிவத்தில் அந்த வகைகளின் பெயர்கள் நிரப்புபவருக்குத் தெரியாது. வெறும் ஏ, பி, சி, டிதான். புரியட்டுமே என்று நான் பெயர்களையும் தமிழில் எழுதிவைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். ‘கிளான்’ என்ற முதல் வகைக்கு அகராதியைப் பார்த்து ‘குலம்’ என்று போட்டிருந்தேன். முன்னோட்டத்துக்குப் போன பள்ளியில் இரண்டு பேர் படிவத்தைத் தொடவே இல்லை. மூன்றாமவர், “இங்கே யார் என்ன சாதி என்று கணக்கெடுக்க வந்திருக்கிறீர்களா, டீச்சர்?” என்று கேட்டார். அன்று இரவே ‘குடும்பம்’ என்று மாற்றினேன்.

அடுத்த பள்ளியில் தமிழாசிரியை ஒருவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “என் வீட்டில் மாமியார் சொல்வதுதான் சட்டம். அதைக் குடும்பம் என்று போடவா, படிநிலை என்று போடவா?” அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டுவிட்டது. நம் ஊரில் ‘குடும்பம் மாதிரி’ என்று சொல்லும் இடத்தில் பாசமும் இருக்கும், எதிர்த்துப் பேசக் கூடாது என்பதும் இருக்கும். படிவம் இந்த இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போடச் சொல்கிறது.

‘சந்தை’ வகைக்கு ஏறக்குறைய எல்லோரும் பூஜ்யம் போட்டார்கள். “பள்ளிக்கூடம் என்ன சந்தைக்கடையா?” என்றார் ஒருவர். அவர் சாய்ந்து நின்ற சுவரில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு பாடவாரியாக, ஆசிரியர் பெயரோடு, பச்சையிலும் சிவப்பிலும் எழுதப்பட்டிருந்தது. இலக்கு, போட்டி, வெற்றி இவற்றை முன்வைப்பதைத்தான் கேமரூனும் குவினும் சந்தை என்கிறார்கள்.

நான்கு பள்ளிகளிலும் சிலர் ஆறு வினாவுக்கும் 25, 25, 25, 25 என்றே நிரப்பியிருந்தார்கள். சோம்பல் என்று நினைத்து ஒருவரிடம் கேட்டேன். “யாரையும் நோகடிக்க வேண்டாமே, அம்மா” என்றார்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

டீச்சராவது வெளியிலிருந்து போனீர்கள். நான் என் பள்ளியில், ஒவ்வொரு வரிக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போடும் வேறொரு படிவத்தை நானே கொடுத்து நானே வாங்கினேன். பெயர் எழுத வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தேன். இருபத்தாறு படிவங்கள். ‘தலைமை ஆசிரியர் கருத்துகளைக் காதுகொடுத்துக் கேட்கிறார்’ என்ற வரிக்கு இருபத்தைந்து பேர் ஐந்துக்கு ஐந்து. ஒரு படிவம் மட்டும் வெறுமையாக வந்தது. அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஐயா.’

யார் எழுதியது என்று அன்று மாலைவரை யோசித்தேன். கண்டுபிடித்தும்விட்டேன். அவர் எழுதியது சரிதான் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

2015இல் வந்த ஷாலா சித்தி என்ற தேசிய அளவிலான பள்ளிச் சுயமதிப்பீட்டிலும் இதே கதைதான். 7 களங்கள், 46 தரநிலைகள், ஒவ்வொன்றிலும் நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய வேலை. பேசியிருந்தால் அந்தப் பேச்சே பாதி மருந்தாகியிருக்கும். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் கணினி அறையில் நானும் இன்னொருவருமாக ஒன்றரை மணி நேரத்தில் முடித்தோம்.

பிறகு எனக்கு உண்மையைச் சொன்னது மாற்றுப் பாடவேளை நோட்டு. யாராவது தற்செயல் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு யாரை அனுப்பினோம் என்று எழுதுவோமே, அதேதான். மூன்று ஆண்டுக் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் அதே நான்கு பெயர்கள். நால்வரும் இடைநிலை ஆசிரியைகள், மறுத்துப் பேசாதவர்கள். முதுகலை ஆசிரியர்கள் பெயர் விரல்விட்டு எண்ணும்படி இருந்தது. நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்

சிறிய சம்பவம். பணியில் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். “அது கணக்கு சாருடையது” என்று மெதுவாகச் சொன்னார்கள். எழுந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கணக்கு சாரைக் காணவில்லையே என்று கேட்டேன். அவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எட்கர் ஷைன் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிபவை, வாயால் சொல்லும் மதிப்புகள், யாரும் சொல்லாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்ட நம்பிக்கைகள். வகுப்பில் நான் படித்தபோது மூன்றாவது அடுக்கு விளங்கவில்லை. அந்த நாற்காலி விளக்கியது. வினாப்படிவம் பெரும்பாலும் இரண்டாம் அடுக்கோடு நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம்.

பி.எட். மாணவர்

பள்ளிச் சூழல், பள்ளிப் பண்பாடு இரண்டும் ஒன்றுதானா? எங்கள் பாடக்குறிப்பில் மாறி மாறி வருகிறது.

பட்டதாரி ஆசிரியை, எம்.எட். ஆய்வு முடித்தவர்

ஒன்றல்ல, தம்பி. ஹால்பின், கிராஃப்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 71 தொடக்கப் பள்ளிகளில் அளந்தது சூழலை. 64 கூற்றுகள், திறந்த சூழலிலிருந்து மூடிய சூழல்வரை ஆறு வகைகள். இங்கே வேலை செய்பவருக்கு இந்தப் பள்ளி எப்படிப் படுகிறது என்பது சூழல். அது படிவத்தில் ஓரளவு பிடிபடும். ஏன் இப்படியே இருக்கிறது என்பது பண்பாடு; அதற்குப் போய் உட்கார வேண்டும், ஜன்னலோர நாற்காலியில் அல்லாமல்.

ஐயா சொன்ன நோட்டைப் படித்ததும் என் தரவுகளை மறுபடி எடுத்தேன். ஒரு பள்ளியில் ‘குடும்பம்’ சராசரி 33. அப்படியே அட்டவணையில் ஏற்றிவிட்டிருந்தேன். இப்போது பிரித்துப் பார்த்தால் கீழ்த்தள ஆசிரியர் அறையினர் 50ஐ ஒட்டியும் மேல்மாடியினர் 15ஐ ஒட்டியும் போட்டிருக்கிறார்கள். 33 போட்டவர் ஒருவர்கூட இல்லை. வழிகாட்டிப் பேராசிரியரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தப் பள்ளியில் படிவம் கொடுத்து முடித்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தூய்மைப் பணியாளர் அம்மா வாசலில் நிறுத்தினார். “எல்லோருக்கும் கொடுத்தீர்களே, எனக்கு இல்லையா?” ஆசிரியர்களுக்கு மட்டும்தான் என்றேன். “சரி” என்றவர், மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனியாகத் தேநீர் வாங்கிவருவது எந்த ஆண்டு தொடங்கியது, எந்தச் சண்டையால் என்று நின்றவாறே சொல்லி முடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

படிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘சந்தை’க்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. ‘இலக்கு’ என்று போடலாமா? வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

‘ரிசல்ட்’ என்று போடுங்கள், டீச்சர். யாரும் பூஜ்யம் போட மாட்டார்கள்.