டிசம்பரில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகுவது பின்வாங்குதலா?

பாளை டீச்சர்:
அனைவருக்கும் தோத்திரம். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஐந்து பிரிவுகளின் விடைத்தாள், ஏறக்குறைய 220, வீட்டுக்கு வந்துவிடும். அதே வாரம்தான் ஞாயிறு பள்ளிக் கிறிஸ்துமஸ் விழா. நாடகம், பாட்டு, பரிசு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. இரவில் வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனி. வீடு திரும்ப மணி ஒன்றாகும். மாமியாருக்கு இன்சுலின் போடுவதும் நான்தான். போன டிசம்பரில் ஒரு நாள், ஊசி போட்டேனா இல்லையா என்றே நினைவில்லாமல் சிரிஞ்சும் கையுமாக நின்றேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இந்த வருடம் தலைமைப் பொறுப்பு வேண்டாம் என்று சபையில் சொன்னேன். பெரியவர் ஒருவர், இயேசுவின் வார்த்தையை எடுத்து, "கலப்பையில் கை வைத்துவிட்டுப் பின்னால் பார்க்கலாமா அம்மா?" என்று கேட்டார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நான் செய்வது தவறா?

நாசரேத் ஐயா:
மகளே, உன் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். பாரம் கூடினால் நாம் முதலில் இறக்கி வைப்பது சபை வேலையைத்தான். பள்ளி நிர்வாகத்திடம் "முடியாது" என்று சொல்லப் பயப்படுகிறோம். ஆலயத்தில் யாரும் சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்கள், அதனால் அங்கே சொல்லிவிடுகிறோம். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1951-இல் நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் கண்மூடும்வரை ஒருமுறைகூட விடுப்பில் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. அவர் உழைத்த மண்ணில் இருந்துகொண்டு நாம் பேசுகிறோம். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனம் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமா?

ஓஎம்ஆர் தம்பி:
ஐயா, நீங்கள் சொன்னது பிலிப்பியர் 4:13. அதற்கு முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பட்டினியோ பரிபூரணமோ, எந்த நிலையிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல். எத்தனை வேலை கொடுத்தாலும் இழுப்பேன் என்று அவர் சொல்லவில்லை. நான் அப்படித்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன். ஒரே சமயத்தில் இரண்டு ப்ராஜெக்ட், வாலிபர் கூட்டப் பொறுப்பு வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறப்பேன். 29 வயதில் பிபி மாத்திரை போடுகிறேன். சங்கீதம் 127-இல், "தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று இருக்கிறது. அவர் கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளுவதை நான் விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

வேலூர் நர்ஸ்:
அக்கா, யாத்திராகமம் 18-ஐ எடுத்துப் படியுங்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை மோசே ஒருவரே உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். மோசே செய்ததும் தேவனுடைய வேலைதான். அப்படியிருந்தும், நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது கர்த்தர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டார்.

இங்கே வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடரும் வேலையைப் பகிர்ந்துகொண்டவர்தான். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கியவர், எல்லாரையும் நானே பார்ப்பேன் என்று நிற்கவில்லை. 1909-இல் செவிலியர் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஏமி அம்மையாரும் 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். டோனாவூர் வேலையை மற்றவர்கள் சேர்ந்து நடத்தினார்கள்.

நாசரேத் ஐயா:
எத்திரோ சொன்னதை முழுவதும் பார்ப்போம், தாயீ. மோசே விலகிக் கூடாரத்துக்குப் போய்விடவில்லை. திராணியுள்ளவர்களைத் தேடினார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைத்தார். கடினமான வழக்குகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். டீச்சர் யாரையாவது பழக்கிவிட்டாரா? திடீரென்று விட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

அப்புறம் மாற்கு 6. "சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று ஆண்டவர் சீஷர்களை அழைத்துப் போகிறார். ஜனங்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அவர் மனதுருகி உபதேசிக்கிறார். ஓய்வு தள்ளிப்போய்விட்டது. அதையும் வைத்துத்தானே பேச வேண்டும்?

வேலூர் நர்ஸ்:
ஐயா, அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். அப்பம் கொடுத்த பிறகு சீஷர்களைப் படவில் ஏற்றுகிறார், ஜனங்களை அவரே அனுப்பிவிடுகிறார், ஜெபிக்க மலைக்குப் போகிறார். அங்கே இருந்த எல்லாருடைய தேவையும் அன்றைக்குத் தீர்ந்திருக்குமா? ஆனாலும் அனுப்பினார்.

இன்னொன்று, இன்சுலின். எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அக்கா அன்று மறுபடி போட்டிருந்தால் சர்க்கரை இறங்கி, தூக்கத்திலேயே பாட்டியின் உயிருக்கு ஆபத்தாகியிருக்கும். தூக்கமில்லாத கையில் மருந்து தவறுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டதும் காலண்டரில் நேரத்தை எழுதுங்கள், இன்றைக்கே தொடங்குங்கள்.

ஓஎம்ஆர் தம்பி:
பழக்கிவிடும் விஷயத்தில் ஐயா சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. நான் வாலிபர் கூட்டத்தைச் சட்டென்று விட்டேன். மூன்று மாதத்தில் நின்றுபோனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பாளை டீச்சர்:
ஐயா, பள்ளியில் வாய் திறக்கப் பயம் என்று நீங்கள் எழுதியது என்னைச் சுட்டது. உண்மைதான். விடைத்தாள்களை ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் தரலாமா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாளை தலைமையாசிரியையிடம் கேட்கிறேன். எங்கள் சபையில் கல்லூரிக்குப் போகிற இரண்டு பெண்கள் பாட்டு நன்றாகச் சொல்லித் தருவார்கள். விழாவை அவர்களிடம் கொடுத்துவிட்டு, நாடகத்துக்கு மட்டும் கூட நிற்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகு தலைமைப் பொறுப்பும் அவர்களுக்குத்தான். காலண்டரில் இன்று காலை 7.10 என்று எழுதிவிட்டேன்.

நாசரேத் ஐயா:
சந்தோஷம் மகளே. கீத பவனிக்கு ஒரு ராத்திரியாவது வந்துவிடு. வருடத்தில் ஒருமுறை வருவது.

பாளை டீச்சர்:
இந்த வருடம் இல்லை ஐயா. எங்கள் வீட்டு வாசலுக்குப் பவனி வரும்போது மாமியாரோடு நின்று பாடுகிறேன்.