தொடர்நிரைப் பதிலீடு: ஒரு கலைச்சொல் விவாதம்

மடல் 1

அன்புள்ள கலைச்சொல் குழு அன்பர்களுக்கு, வணக்கம்.

மூப்படைந்த மின்சாரப் புறநகர் ரயில்களை விலக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் புதியவற்றை ஓட்டும் திட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது, ‘ஃப்ளீட் ரிப்ளேஸ்மென்ட்’ என்பதற்கு நிலையான சொல் இல்லாமல் தடுமாறுகிறோம். ‘வண்டி மாற்றம்’ என்று எழுதினால், பயணி ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுவதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘ரயில் புதுப்பிப்பு’ என்றால், பழைய பெட்டிகளுக்கே புது இருக்கையும் புது வண்ணமும் கொடுத்து மீண்டும் ஓடவிடுவது என்று பொருள்படும். அதுவும் நடக்கிற வேலைதான், ஆனால் அதற்கான செலவும் ஒப்பந்தமும் முற்றிலும் வேறானவை. இரண்டும் வேண்டாம் என்று ஒதுக்கினால், ‘பழைய ரயில்களுக்குப் பதிலாகப் புதிய ரயில்கள்’ என்று ஒவ்வொரு முறையும் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. தலைப்பில் அது பொருந்தும், அட்டவணையில் பொருந்தாது.

சிக்கல் ‘ரிப்ளேஸ்மென்ட்’ என்பதில் இல்லை, ‘ஃப்ளீட்’ என்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. அது எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் சொல்லைத் தேடுவது எளிதாகும். மின்சாரப் புறநகர் ரயிலில் மிகச் சிறிய உறுப்பு பெட்டி. மோட்டார் பொருத்திய பெட்டி ஒன்றும் மோட்டார் இல்லாத பெட்டிகள் சிலவும், தமக்குள் கருவிகளைப் பகிர்ந்துகொண்டு, பணிமனையில் அன்றி வேறெங்கும் பிரிக்கப்படாமல் ஒன்றாகவே இருப்பது அலகு. மும்பையின் 12 பெட்டி ரயில் பொதுவாக மும்மூன்று பெட்டிகள் கொண்ட நான்கு அலகுகளால் ஆனது. இப்படிப் பல அலகுகளை இணைத்து, முன்னால் இருக்கும் ஓட்டுநர் ஒருவரே எல்லா மோட்டார்களையும் இயக்கும் முறையை ஃபிராங்க் ஸ்பிரேக் 1897இல் சிகாகோவின் உயர்தட ரயில்களுக்காக உருவாக்கினார். ‘மல்டிபிள் யூனிட்’ என்ற பெயரில் உள்ள ‘யூனிட்’ இந்த அலகுதான். ஆகவே ‘பல்லலகு மின்தொடர்’ என்று எழுதுவோர் சரியாகவே எழுதுகிறார்கள்.

அலகுகள் சேர்ந்து ஓடும் முழு நீளத்தை ரயில்வே ஊழியர்கள் ‘ரேக்’ என்கிறார்கள். இதற்கு ‘வண்டி’ என்றோ ‘ரயில்’ என்றோ எழுதினால் குழப்பம் வரும். ‘எட்டுப் பத்து வண்டி’ என்று நாம் சொல்லும்போது அது கால அட்டவணையில் உள்ள ஓர் ஓட்டத்தைக் குறிக்கிறது. ஒரே ரேக் ஒரே நாளில் இத்தகைய பல ஓட்டங்களை ஓடி முடிக்கிறது. எனவே இரும்பாலும் எஃகாலும் ஆன பொருளுக்குத் ‘தொடர்’ என்றும், அட்டவணையில் இருப்பதற்கு ‘ஓட்டம்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு தடத்துக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிய தொடர்கள் அனைத்தும் சேர்ந்ததே ‘ஃப்ளீட்’. ஓடுபவை, பராமரிப்புக்காக நிற்பவை, பழுதானால் மாற்றி அனுப்ப ஒதுக்கிவைத்தவை எல்லாம் இதில் அடங்கும். ‘தொகுதி’ என்ற சொல்லைச் சிலர் பரிந்துரைத்திருந்தார்கள். தேர்தல், நூல் வரிசை, மின்னணுக் கருவி என்று அதற்கு முன்பே மூன்று வேலைகள் இருக்கின்றன. அதோடு ‘ரயில் பெட்டித் தொகுதி’ என்பது ஒரு தனி ரயிலையே குறிக்கும்படி வழங்குகிறது. ‘படை’ போரை நினைவூட்டுகிறது. என் பரிந்துரை ‘நிரை’. ஆநிரை என்பது ஓர் ஊருக்கோ தலைவனுக்கோ உரிய பசுக்களின் மொத்தம். அதைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று திணை வகுக்கும் அளவுக்கு அது மொத்தமாக எண்ணப்பட்ட செல்வமாக இருந்தது. மேய்வதும் படுத்திருப்பதும் கன்று ஈன்றதும் எல்லாம் சேர்ந்தே ஆநிரை. அதே போல ஓடும் தொடரும் நிற்கும் தொடரும் சேர்ந்தது ‘தொடர்நிரை’ ஆகட்டும். முழுச்சொல் ‘தொடர்நிரைப் பதிலீடு’. பதிலீடு என்பது ‘இறக்குமதிப் பதிலீடு’ என்ற பொருளியல் தொடரில் ஏற்கனவே வழக்கில் உள்ளது.

மடல் 2

ஐயா, வணக்கம்.

மின்தொடர்ப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் சில மறுப்புகளையும் ஒரு கூடுதல் தேவையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘நிரை’ என்றவுடன் இன்றைய மாணவருக்கு நினைவுக்கு வருவது ஆநிரை அன்று, கணிதப் பாடத்தில் நிரலுக்குக் குறுக்கே வரும் நிரை. ‘அணி’ என்று மாற்றலாமே என்று பார்த்தால் அதுவும் அங்கேதான் அகப்பட்டிருக்கிறது. ‘நிரை அணி’ என்பதே ஒரு கணிதக் கலைச்சொல். அது போகட்டும், துறை வேறு என்று விட்டுவிடலாம். ஆனால் ‘வண்டிநிரை’ என்று யாராவது எழுதினால் சாலையில் நெரிசலில் நிற்கும் வரிசை என்ற எண்ணம் வருவதை எப்படித் தவிர்ப்பது?

இதைவிட முக்கியமானது, ‘பதிலீடு’ என்ற சொல் நிகழ்வின் முழு அளவைச் சுமக்குமா என்பது. ஒரு பழைய தொடர் போய் ஒரு புதிய தொடர் வருவதாக வெளியிலிருந்து தோன்றும். உள்ளே அப்படி இல்லை. பழைய தொடர்களில் பெரும்பாலும் நேர்மின் (டிசி) மோட்டார்கள், மின்தடைகளைப் படிப்படியாக நீக்கி வேகத்தைக் கூட்டும் கட்டுப்பாடு. புதியவற்றில் மும்முனை மோட்டார்களும், குறைக்கடத்திகளால் அவற்றை இயக்கும் மின்மாற்றுக் கருவிகளும் இருக்கின்றன. இந்தக் கருவிகள் எழுப்பும் அதிர்வெண்கள், தண்டவாளத்தில் ரயில் நிற்பதை உணரும் சைகைச் சுற்றுகளைக் குழப்பாது என்று சோதித்து உறுதி செய்யும்வரை புதிய தொடரைப் பயணிகளோடு ஓட்ட முடியாது. பிரேக் போடும்போது மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்பும் வசதி பெருமையாகப் பேசப்படுகிறது. ஆனால் நேர்மின் தடத்தில் அருகே அதை வாங்கிக்கொள்ள இன்னொரு ரயிலோ, துணைமின் நிலையத்தில் அதற்கான கருவியோ இல்லையென்றால், அது மின்தடையில் வெப்பமாகத்தான் வீணாகும். குளிர்சாதனமும் விரைந்த முடுக்கமும் சேர்ந்து உச்ச நேர மின்தேவையைக் கூட்டிவிடுவதால், துணைமின் நிலையங்களையும் வலுப்படுத்த நேரும். பழையதோடு புதியதை இணைக்கவும் முடியாது. கொக்கி பொருந்தினாலும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஒன்றோடொன்று பேசா.

எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் லிவர்பூல் வட்டாரத்தில் ஓடும் மெர்சிரெயில் புறநகர் ரயிலில், 1970களின் இறுதியில் வரத் தொடங்கிய மூன்று பெட்டி அலகுகளுக்குப் பதிலாக ஸ்டாட்லர் நிறுவனத்தின் நான்கு பெட்டி அலகுகள் 2023 ஜனவரியில் பயணிகள் சேவைக்கு வந்தன. அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே போகியை (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டகத்தை) பகிர்ந்துகொள்ளும் சிறு பெட்டிகள் அவை. ஆகவே எண்ணிக்கை மூன்றிலிருந்து நான்கானாலும் நீளம் அந்த விகிதத்தில் கூடவில்லை. படியில்லாமல் ஏறி இறங்குவதற்காக நடைமேடைகளையும் திருத்த வேண்டியிருந்தது. பழைய அலகுகளில் கடைசியானது 2024 நவம்பரில்தான் விடைபெற்றது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இரண்டு வகைகளும் ஒரே தடத்தில் ஓடின. இரண்டுக்கும் உதிரிப்பாகம், இரண்டுக்கும் பயிற்சி பெற்ற ஓட்டுநர் வேண்டும். பராமரிப்பவருக்கு மிகக் கடினமான காலம் இதுவே, இதற்குத்தான் தமிழில் பெயர் இல்லை. மும்பை 1500 வோல்ட் நேர்மின்னிலிருந்து 25 கிலோவோல்ட் மாறுமின்னுக்கு (ஏசி) மாறியபோது, இரண்டிலும் ஓடக்கூடிய தொடர்களை வைத்துக்கொண்டுதான் பல ஆண்டுகளைக் கடந்தார்கள். 2016இல்தான் அந்த மாற்றம் முழுமை பெற்றது. ‘கலப்புக் காலம்’ என்ற சொல்லை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.

‘மூப்படைந்த’ என்ற அடையும் கவனத்துக்குரியது. லண்டன் சுரங்க ரயிலுக்காக 1938இல் வரத் தொடங்கிய வகையைச் சேர்ந்த தொடர்கள், பிறகு இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவுக்குப் போய் 2021 ஜனவரி வரை ஓடின. அதற்கு நேர்மாறாக, ஜப்பானின் ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனம் 1993இல் ஓடவிட்ட 209 வரிசைத் தொடர்களை, பாதி எடை, பாதி விலை, பாதி ஆயுள் என்ற நோக்கத்தோடே வடிவமைத்தது. டோக்கியோவின் கெய்ஹின்-தொஹோகு தடத்திலிருந்து அவை 2010இல் விலகிவிட்டன. வயதைக் கொண்டு மட்டும் மூப்பை அளக்க முடியாது என்பதால், ‘பழைய’ என்ற சொல்லைக் கலைச்சொல்லில் சேர்க்கவே கூடாது.

மடல் 3

வணக்கம். உங்கள் மடலால் விவாதம் சொல்லிலிருந்து பொருளுக்கு வந்துவிட்டது, அதற்கு நன்றி.

நெரிசல் வரிசை என்ற எண்ணம் ‘வண்டிநிரை’யில்தான் வருகிறது, ‘தொடர்நிரை’யில் வருவதில்லை, தொடர்கள் சாலையில் நிற்பதில்லை என்பதால் படிப்பவர் அங்கே போக வழியில்லை. ஆகவே தனி ‘நிரை’யை விட்டுவிட்டு, ‘தொடர்நிரை’ என்ற கூட்டுச்சொல்லை மட்டும் பட்டியலில் ஏற்றுவோம். பேருந்துகளுக்கு இதை நீட்ட விரும்புவோர் வேறு சொல்லைத் தேடட்டும்.

‘பதிலீடு’ போதுமா என்ற கேள்விக்கு, மெர்சிரெயில் பற்றி நீங்கள் தந்த தகவலே, அந்தச் சொல் போதும் என்று காட்டுவதாக எனக்குப் படுகிறது. ‘மாற்று’ என்றால் ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணம் எழும். பதிலீட்டிலோ, போனது செய்த பணியை வந்தது செய்ய வேண்டும் என்பதே பொருள். எத்தனை பெட்டிகளால், எத்தனை அலகுகளால் என்ற கட்டாயம் இல்லை. மின்வழங்கல், நடைமேடை, சைகை ஆகியவற்றில் செய்யும் பணிகளை இதற்குள் திணிக்காமல் ‘தட இசைவிப்பு’ என்று தனியாகப் பெயரிடலாம். அவை இல்லாமல் பதிலீடு நடக்காது என்றாலும், ஒப்பந்தப் பத்திரங்களில் அவற்றை வேறாகவே பிரித்து எழுதுகிறார்கள்.

‘கலப்புக் காலம்’ எனக்கு முழு உடன்பாடு. பெட்டிகளைப் பாதி ஆயுளில் பிரித்துச் செப்பனிடுவதை ‘இடைக்காலச் சீரமைப்பு’ என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இடைக்கால நிதிநிலை அறிக்கை, இடைக்காலத் தடை என்று படித்துப் பழகியவர், தற்காலிகமான ஒட்டுவேலை என்றே அதைப் புரிந்துகொள்வார். ‘நடுவாயுள் சீரமைப்பு’ என்றால் அந்த ஐயம் எழாது.

ஒரு தடத்திலிருந்து விலக்கிய தொடர்களை வேறொரு தடத்துக்கு அனுப்பிவைப்பதற்கான சொல் இன்னும் மீதம் இருக்கிறது. நீங்கள் சொன்ன வைட் தீவுத் தொடர்கள் அப்படி வந்தவையே. ஜேஆர் கிழக்கின் 205 வரிசைத் தொடர்கள் 2013 முதல் ஜகார்த்தாவுக்குப் போனதும் இதே வகைதான். ‘கைமாற்று’ என்பது வட்டியில்லாக் கடனாகிவிடும். ‘படியிறக்கம்’ என்று சொல்லிப் பார்த்தேன். முதன்மைத் தடத்திலிருந்து கிளைத்தடத்துக்குப் போகும்போது அது பொருந்துகிறது, ஆனால் ஜகார்த்தா போன்ற பெருநகரின் மையப் போக்குவரத்தைச் சுமக்கப் போனவற்றை இறக்கம் என்பது சரியன்று. ‘தடப்பெயர்ப்பு’ என்பது என் இப்போதைய எண்ணம், ஆனால் தண்டவாளத்தையே பெயர்த்தெடுப்பதாக யாராவது படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. பணிமனையில் இதை ஊழியர்கள் தமக்குள் என்ன சொல்லிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதினால், அதிலிருந்தே தொடங்கலாம்.