அம்மாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் இத்தனை 'ஆர்': என்ன அர்த்தம்?

வானதி (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. இந்த ஒரு வருடத்தில் மூன்றாவது முறையாக யூரின் இன்ஃபெக்ஷன். எரிச்சல் இருக்கிறது, ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்து போகிறார். காய்ச்சலோ முதுகுவலியோ இல்லை. முதல் இரண்டு முறை கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கவில்லை. இந்த முறை டாக்டர் மாத்திரை தொடங்கும் முன்பே அனுப்பச் சொன்னார்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஒரு மில்லியில் 1 லட்சத்துக்கு மேல். கீழே தடித்த எழுத்தில் 'இஎஸ்பிஎல் பாசிட்டிவ்'. ஆம்பிசிலின், செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எல்லாவற்றுக்கும் நேராக 'ஆர்'. 'எஸ்' போட்டிருப்பவை நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிக்கசின், மெரோபெனெம். டாக்டர் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாளுக்கு எழுதினார். பயப்பட ஒன்றும் இல்லை என்றார். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை கொடுத்த சிப்ரோவை எரிச்சல் நின்றதும் மூன்றாம் நாளே அம்மா நிறுத்திவிட்டார். மீதியை ஒரு டப்பாவில் போட்டு வைத்தோம். இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அந்த மீதி நாலு மாத்திரையை எடுத்துக் கொடுத்தது நான்தான். அப்போதைக்கு அடங்கியது.

அம்மாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? மெரோபெனெம்தான் பெரிய மருந்து என்கிறார்கள், அதற்கு எஸ் இருக்கும்போது ஏன் அதைக் கொடுக்கவில்லை? வெறும் 5 நாள் போதுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறான், பாட்டியை விட்டு இறங்கவே மாட்டான். அவனைத் தள்ளி வைக்க வேண்டுமா?

---

பெட்ரிதட்டு

வானதி, நான் 19 வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் பார்த்துக் கலங்கிய அந்த ஆர், எஸ் எழுத்துகளைத் தினமும் போடுவது என்னைப் போன்றவர்கள்தான்.

ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது, எஸ் என்றால் அடங்கும். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். அம்மாவின் உடம்பு எதற்கும் பழகவில்லை. அந்த ஆர் அம்மாவைப் பற்றியதே இல்லை, அந்தக் கிருமியைப் பற்றியது. நாளைக்கு அம்மாவுக்கு வேறொரு கிருமியால் வேறு நோய் வந்தால், இதே சிப்ரோ வேலை செய்யக்கூடும்.

அந்த எழுத்து எப்படி வருகிறது என்று சொன்னால் பயம் கொஞ்சம் குறையும். மாதிரியில் வளர்ந்த கிருமியை எடுத்து உப்புநீரில் குறிப்பிட்ட கலங்கல் வரும்வரை கலக்குவோம். அதை அகார் என்ற ஜெல்லி நிரப்பிய ஒரு தட்டின் மேல் சீராகத் தடவி, மருந்தில் நனைத்த சிறு வட்டக் காகிதங்களை வைத்து, 35 டிகிரியில் ஒரு ராத்திரி விடுவோம். காலையில் கிருமி தட்டு முழுக்க மெல்லிய பாசி போலப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் இடத்தில் மட்டும் காகிதத்தைச் சுற்றித் தெளிவான வட்டம். அதை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் எஸ்ஸா ஆரா என்று முடிவு செய்கிறோம். ஒரு மருந்தின் வட்டம் பெரிதாக இருப்பதால் அது இன்னொன்றைவிடச் சிறந்தது என்று ஆகாது. ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு, அதனால் எல்லை அளவும் வேறு.

இஎஸ்பிஎல் என்பது அந்தக் கிருமி தயாரிக்கிற ஒரு நொதி. பென்சிலின் குடும்பத்து மருந்துகளுக்கும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின்களுக்கும் நடுவில் நான்கு அணுக்களால் ஆன ஒரு சின்ன வளையம் உண்டு. மருந்தின் உயிரே அதுதான். இந்த நொதி அதை அறுத்துவிடும். நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளைய டிஎன்ஏவில் இருக்கும். ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதற்கு அதை அப்படியே படியெடுத்துக் கொடுத்துவிடும். வேறு மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் அதே பிளாஸ்மிட்டில் சேர்ந்து வருவது சாதாரணம். ஒரே ரிப்போர்ட்டில் ஆர் வரிசையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிப்ரோவின் கதை பெரும்பாலும் வேறு: அந்த மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய நொதியின் வடிவமே மாறியிருக்கும், பிடி கிடைக்காது.

இனி அந்த நாலு மாத்திரை. அவை எதிர்ப்பைப் புதிதாக உண்டாக்கவில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏற்கெனவே தாக்குப்பிடிக்கக் கூடியவை சில இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கும். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும், அதனால் இடம் நிரம்ப நேரம் ஆகாது. அந்த மாத்திரைகளுக்கு இதில் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த இஎஸ்பிஎல் மரபணு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா வலியில் துடிக்கும்போது கையில் இருந்ததைக் கொடுத்தீர்கள். அதற்காக உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். டப்பாவை மட்டும் காலி செய்துவிடுங்கள்.

மெரோபெனெம் ஏன் இல்லை? அது நரம்பு வழியாகத் தரும் மருந்து. ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடும்போது தேவைப்படுவது. நைட்ரோஃபுரான்டாயின் 1953 முதல் இருக்கிற பழைய மாத்திரை. பழையது என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் அதன் அளவு குறைவு, சிறுநீரில்தான் செறிவாகச் சேரும். கிருமிக்குள் போய் ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால், 70 வருடம் கழித்தும் ஈ.கோலையில் இதற்கு எதிர்ப்பு குறைவுதான். சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்தால்தான் மருந்து சிறுநீருக்குள் போதுமான அளவு வந்து சேரும். கிரியாட்டினின் பார்த்தது அதற்குத்தான். உங்கள் டாக்டர் யோசித்து எழுதியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி, குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் 5 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தால் இந்த மாத்திரை போதாது. உடனே போய்விடுங்கள்.

---

மூச்சுக்காற்று

வானதி அக்கா, 5 நாள் என்றால் ஒரு வேளைகூட விடாமல் 5 நாளும் கொடுங்கள். பாதியில் நிறுத்தியதன் விலை எனக்குத் தெரியும்.

2010இல் எனக்கு நுரையீரல் காசநோய். நாலு மருந்து 2 மாதம், பிறகு இரண்டு மருந்து 4 மாதம் என்று சொன்னார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது, வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் மாதம் எப்போதாவது போட்டேன், நாலாம் மாதம் விட்டே விட்டேன். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டும் பலிக்கவில்லை. 20 மாதச் சிகிச்சை. அதில் ஆறு மாதம் தினமும் கனமைசின் ஊசி. நோய் போய்விட்டது. ஆனால் அந்த ஊசியால் இரண்டு காதிலும் மெல்லிய ஒலிகள் போய்விட்டன. என் மகள் தூரத்திலிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை.

இப்போது இந்த வகைக் காசநோய்க்கு பெடாகுயிலின் என்ற மாத்திரை சேர்ந்த, ஊசியே இல்லாத 6 மாதச் சிகிச்சையை 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் காதாவது மிஞ்சும் என்பதில் உண்மையிலேயே சந்தோஷம்.

அதனால் பெட்ரிதட்டு சாருக்கு ஒரு கேள்வி. எனக்கு 6 மாதம் கட்டாயம் என்றார்கள். இவருக்கு 5 நாள் போதும் என்கிறார்கள். நிறைய நாள் சாப்பிடுவதுதானே பாதுகாப்பு?

---

பெட்ரிதட்டு

சார் இல்லை தம்பி, அக்கா. உங்கள் காதைப் பற்றி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டும் வேறு வேறு கிருமிகள். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரியவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். சில கிருமிகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், அவற்றைத் தீர்க்க அத்தனை காலம் தேவை. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், அதைத் தாங்கும் கிருமி அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டாவது இருந்தே தீரும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினார்கள், சில மாதத்தில் மருந்து பலிக்காத கிருமியோடு பலர் மறுபடி சரிந்தார்கள். மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. இரண்டு மருந்தையும் ஒருசேரத் தாங்கும் கிருமி தானாக உருவாவது மிக மிக அரிது.

வானதியின் அம்மாவுக்கு இருப்பது சிறுநீர்ப்பையில் வேகமாக வளர்கிற, வேகமாகவே சாகிற கிருமி. அதோடு, எந்த ஆன்டிபயாட்டிக்கும் நோய்க்கிருமியைத் தேடிப்போய் மட்டும் கொல்வதில்லை. குடலில் சும்மா வாழ்கிற பாக்டீரியாக்களும் அடி வாங்கும். தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் அங்கே எதிர்ப்புள்ளவை பெருக வழி கிடைக்கிறது. அதனால் 'கோர்ஸ்' என்பது டாக்டர் அந்த நோய்க்கென்று கணக்கிட்ட நாட்கள். நாமாகக் குறைக்கவும் கூடாது, நாமாக நீட்டவும் கூடாது. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் பென்சிலின் எடுப்பது கிருமிகளைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், வைத்த அத்தனை காகிதத்தையும் சுற்றி ஒரு வட்டம்கூட இல்லாத தட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை நான்தான் தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி போட்டேன். மறுநாளும் அதே. போனை எடுத்து வார்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அந்தத் தட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

---

இரவுப்பணி

நான் ஐசியூ நர்ஸ். குழந்தை விஷயம் மட்டும் சொல்கிறேன். பேரனைத் தள்ளி வைக்காதீர்கள், தாராளமாகத் தூக்கட்டும். இந்தக் கிருமி குடலில் தங்கி, கை வழியாகப் போகிறது. கழிவறை போய் வந்ததும் சோப்புப் போட்டு விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம் வரை தேய்த்துக் கழுவினால் போதும். டயப்பர் மாற்றுகிறவர்களும் அப்படியே.

இன்னும் இரண்டு. ஒன்று, எரிச்சல் நின்றபின் 'சரியாகிவிட்டதா பார்ப்போம்' என்று நீங்களாக மறுபடி கல்ச்சர் கொடுக்காதீர்கள். வயதானவர்களில் நோயே இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது சகஜம், அதற்கு மருந்து கொடுத்தால் கெடுதல்தான் அதிகம். இரண்டு, மாதவிடாய் நின்ற பிறகு அடிக்கடி இப்படி வருபவர்களுக்கு, உள்ளே தடவும் ஈஸ்ட்ரஜன் க்ரீம் பலருக்கு உதவுகிறது. டாக்டரிடம் கேளுங்கள். தொற்றே வராவிட்டால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாமே. அப்புறம், அந்த ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது என்பதே அதைப் பார்த்து மாறும்.

---

வானதி

எல்லோருக்கும் நன்றி. 5 நாள் முடிந்துவிட்டது. நேற்று ராத்திரி அம்மா ஒரே ஒருமுறைதான் எழுந்தார். டப்பாவில் சிப்ரோ தவிர, எதற்கு வாங்கினோம் என்றே தெரியாத வேறு இரண்டு ஆன்டிபயாட்டிக் பட்டைகளும் இருந்தன. எல்லாவற்றையும் மருந்துக் கடையில் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். க்ரீம் பற்றிக் கேட்க அம்மா கூச்சப்பட்டார், நான் கேட்டேன், டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூச்சுக்காற்று தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அந்த ரிப்போர்ட்டை எடுத்துத் தன் ஃபைலில் முதல் தாளாக வைத்துக்கொண்டார்.