பைக் எஞ்சின் போட்ட நான்கு சக்கர வண்டி: கியர் போட்டதும் ஆஃப் ஆகிறது, சைடு ஸ்டாண்டு வயரை என்ன செய்ய?

பாளை மாணவன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஆலங்குளத்தில் மாமா பட்டறையில் வைத்து நானும் நண்பர்களும் சின்னதாக ஒரு நான்கு சக்கர வண்டி செய்கிறோம். கல்லூரி புராஜெக்ட்தான், மைதானத்தை விட்டு வெளியே எடுக்க மாட்டோம். எஞ்சின் ஹோண்டா சிபிஆர் 250ஆர். விபத்தில் ஃபிரேம் வளைந்த வண்டியிலிருந்து எடுத்தது. இசியூ (எஞ்சினை இயக்கும் சின்னக் கணினி), வயரிங், பெட்ரோல் பம்ப் எல்லாம் அதே பைக்கினுடையது.

நியூட்ரலில் செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சீராக நிற்கிறது. கிளட்ச்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் ஆஃப். கிளட்ச்சை விடுவதற்கு முன்பே நின்றுவிடுவதால் லோடு காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். சைடு ஸ்டாண்டு ஃபிரேமோடு பழைய இரும்புக்குப் போய்விட்டது, அதன் சுவிட்ச் வயர் வந்து மாட்டுகிற கப்ளர் மட்டும் சும்மா தொங்குகிறது. ஸ்டாண்டு, கிளட்ச், வண்டி கவிழ்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சாய்வு சென்சார் என்று எல்லா வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

வண்ணார்பேட்டை மெக்கானிக்:
தம்பி, தயவுசெய்து எல்லாவற்றையும் முறுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளமே போதும், இது ஸ்டாண்டு சுவிட்ச்தான். ஸ்டாண்டு மேலே இருந்தால் சுவிட்ச் சேர்ந்து எர்த் கிடைக்கும், இறக்கினால் பிரிந்துவிடும். நியூட்ரலில் ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் எஞ்சின் ஓடும். கியரில் இருக்கும்போது இறங்கியிருந்தால் நின்றுவிடும். கப்ளர் காலியாக இருப்பதால் ஸ்டாண்டு எப்போதும் இறங்கியிருப்பதாகவே உங்கள் வண்டிக்குத் தெரிகிறது.

ஹோண்டாவில் வெறும் பச்சை வயர் எர்த். பச்சையில் வெள்ளைக் கோடு போட்டதுதான் ஸ்டாண்டு வயர். சாவியை ஆஃப் செய்துவிட்டு, பச்சைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் மல்டிமீட்டரில் பீப் வருகிறதா பாருங்கள். வந்தால் அந்தப் பச்சையையும் வெள்ளைக் கோடு போட்ட ஸ்டாண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் தற்காலிகமாகச் சேர்த்து, பின் சக்கரங்களைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டுப் பாருங்கள். சரியானால் சாலிடர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். வேறு சில பைக்குகளில் காந்தத்தை உணரும் சென்சார் வரும். அதில் இப்படி வயரைச் சேர்த்தால் சரிவராது, பழைய சென்சாரையும் காந்தத்தையும் எதிரெதிரே பொருத்தித்தான் ஆகவேண்டும்.

கிளட்ச் சுவிட்ச் வயரையும் நியூட்ரல் சுவிட்ச் வயரையும் இப்படிச் சேர்க்கவே கூடாது. கியரில் இருக்கும்போது கிளட்ச் மிதிக்காமல் செல்ஃப் அடிக்க விடாதவை அவைதான். நான்கு சக்கர வண்டியில் கியர் விழுந்திருப்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. முன்னால் குனிந்து வேலை பார்க்கும் பையன் மேல் வண்டி ஏறாமல் இருக்க அந்த இரண்டு சுவிட்ச்தான் காவல்.

பாளை மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. முதலில் பீப் வரவில்லை. கப்ளர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறி, அதன்மேல் செம்மண் தூசி அப்பியிருந்தது. மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பீப் வந்தது. இப்போது எல்லாக் கியரிலும் ஓடுகிறது! அப்புறம், சாய்வு சென்சாரை பேட்டரி பக்கத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருக்கிறோம். அது போதுமா?

அம்பை எலக்ட்ரீசியன்:
போதாது தம்பி. பைக்கில் எந்தப் பக்கம் மேலே பார்த்து இருந்ததோ, எது இடம் வலமாக இருந்ததோ, அப்படியே ரப்பர் புஷ் வைத்து போல்ட்டில் பொருத்துங்கள். காரணம் இருக்கிறது. வளைவில் பைக் சாய்வதால் விசை பைக்கின் நடுக்கோட்டிலேயே இறங்கும், அதனால் எவ்வளவு படுத்து ஓட்டினாலும் சென்சார் பேசாமல் இருக்கும். நான்கு சக்கர வண்டி சாயாது, பக்கவாட்டு விசை முழுவதும் சென்சார் மேல் வரும். அந்த விசை புவியீர்ப்புக்குச் சமமானால் 45 பாகை சாய்ந்ததாகவே அதற்குத் தெரியும். செம்மண் மைதானத்தில் அவ்வளவு வராது. ஆனால் ஆடுகிற சென்சார் மேல் குழி விழுந்த அதிர்ச்சியும் சேர்ந்தால் நடுவழியில் எஞ்சின் நிற்கலாம். அப்படி நின்றால் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் மறுபடி எடுக்கும்.

அதற்காகக் கழற்றி எறியாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் பம்ப்பை நிறுத்துவது அதுதான். பொருத்துவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, சென்சாரைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். சில நொடியில் நிற்க வேண்டும். பைக்கின் கில் சுவிட்ச் (எஞ்சினை உடனே நிறுத்துவது) வயரோடு வரிசையாக, எதை அழுத்தினாலும் எஞ்சின் நிற்கும்படி, இரண்டு பெரிய சிவப்பு சுவிட்சும் போடுங்கள்: பெல்ட் போட்டு ஓட்டுபவர் கைக்கு ஒன்று, வெளியே நிற்பவர் கைக்கு ஒன்று. ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் தூசி எப்படிப் பறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, திறந்த கப்ளர் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பாளை மாணவன்:
சரி அண்ணாச்சி, இன்றே மாற்றிவிடுகிறோம். கிளட்ச் சுவிட்ச் ஹேண்டில்பாரில் இருந்தது. பெடலுக்கு எதைப் போடலாம்?

வண்ணார்பேட்டை மெக்கானிக்:
பைக்கின் பின் பிரேக் லைட் சுவிட்ச் போதும், ஸ்பிரிங் மாட்டி இழுப்பது. இழுத்தால் சேரும், விட்டால் பிரியும், கிளட்ச்சுக்கு வேண்டியதும் அதுதான். எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். பெடலை ஏறக்குறைய முழுவதும் மிதித்த பிறகே சேருகிற மாதிரி நட்டைத் திருகி வையுங்கள். பாதி மிதியில் சேர்ந்தால் கியரில் செல்ஃப் அடிக்கும்போது வண்டி முன்னால் குதிக்கும்.